எல்லா ஆட்டமும் ஜெயிக்கலாம்

அந்தக் கறுப்புப் பத்தை எடுத்து சிவப்பு ஜாக்கி மேல் வை அம்மா. இடது பக்கம். இன்னும் கொஞ்சம் இடது. ஆங், அதுதான். பார்த்தாயா, அடியில் மூடியிருந்த சீட்டு திறந்துகொண்டது. கரூரில் பஸ் ஏறியதிலிருந்து உன் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், மாயனூர் தாண்டிவிட்டது, அது உன் கண்ணில் படவே இல்லை. அடுத்தவர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

புதிதாகக் கற்றுக்கொள்கிறாயா? அதானே பார்த்தேன். உன் பெயர் என்ன? தாரிணி. நல்ல பெயர். திருச்சியில் வேலையா? சந்தோஷம். ஆன்ட்டி என்றே கூப்பிடு, பரவாயில்லை. பாட்டி என்று கூப்பிடாதவரைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது.

கேள், என்ன சந்தேகம் இருந்தாலும் கேள். இந்த சாலிட்டேர் சீட்டாட்டத்தில் எனக்குத் தெரியாத விதி கிடையாது. நான் ஆடினால் என்னவோ சீட்டு சரியாக விழுவதில்லை. அது என் ராசி. ஆனால் சொல்லிக் கொடுக்கத் தெரியும். பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன். என் தங்கைக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

காலியான இடத்தில் எந்தச் சீட்டை வைக்கலாம் என்றா கேட்கிறாய்? ராஜாவை மட்டும்தான். ராஜா கையில் இல்லையென்றால் இடம் காலியாகவே கிடக்க வேண்டியதுதான். கீழே அடுக்கும்போது சிவப்பு மேல் கறுப்பு, கறுப்பு மேல் சிவப்பு, ஒவ்வொரு எண்ணாக இறங்கி வர வேண்டும். மேலே ஏற்றும்போது ஏஸிலிருந்து ஆரம்பித்து ராஜாவரை, ஒரே இனமாக ஏற்ற வேண்டும். கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புவதா, மூன்று மூன்றாகவா என்றால் அது உன் இஷ்டம். ஒன்று சுலபம், மூன்று கஷ்டம். வளைந்த அம்புக்குறி இருக்கிறதே, அது அன்டூ. தப்பாக வைத்த சீட்டைப் பழையபடி எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் பல்பு படம் இருக்கிறதே, அது யோசனை சொல்லும். நீ தாராளமாக அழுத்து. பொழுதுபோக்குக்கு ஆடுகிறாய், யார் கேட்கப்போகிறார்கள்?

எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியுமா என்றா?

எனக்குச் சிரிப்பு வருகிறது. தமயந்தியும் இதையேதான் கேட்டாள். தமயந்தி என்றால் என் தங்கை. இப்போது அவளைப் பார்க்கத்தான் போகிறேன், குளித்தலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். "அக்கா, எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியுமா?" கேட்டாள், பதில் சொன்னேன். மறுநாள் வந்து அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முடியும்டி. அம்பத்திரண்டு சீட்டும் உள்ளேதானே இருக்கு? ஒண்ணும் காணாமப் போகலையே? அப்புறம் ஏன் முடியாது? ஆடத் தெரிஞ்சவளுக்கு எல்லா ஆட்டமும் வரும்." இதைவிடத் தெளிவாக ஒரு பதில் சொல்ல முடியுமா, நீயே சொல்.

அவளுக்கு அப்படி ஒரு வியாதி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் நம்பர் கேட்டு இணைப்புக் கொடுக்க வேண்டும் இல்லையா, ஊரில் பாதிப்பேருடைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். எங்கள் அப்பா இவளை அகராதி என்பார். என்னை ஒன்றும் சொல்ல மாட்டார். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் நான் ஒன்று சொல்வேன், இவள் திருத்துவாள். "இல்லக்கா, அது புதன்கிழமை." "இல்லக்கா, அவர் மூத்தவர் இல்லை, ரெண்டாவது." என் கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார்கள் என்பதைக்கூட எனக்கே திருத்தினாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாடியில் தனியாக இருந்தாள். அப்பா கட்டிய வீடு. மாடி அவளுக்கு, கீழ்ப்போர்ஷன் எனக்கு என்று அப்பாவே எழுதிவைத்துவிட்டார். குழந்தை குட்டி கிடையாது. போன சித்திரையில்தான் ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனாள். பொங்கி வழிந்து பர்னர் அணைந்து மாடிப்படி முழுக்க கேஸ் நாற்றம். இன்னொரு நாள் என் பையன் பிரசன்னாவைப் பார்த்து, செத்துப்போன தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிரசன்னாவுக்கு அப்போதுதான் பெண் பார்த்து முடிவான சமயம். வேறு எதையும் யோசிக்காதே, பெண் வீட்டாருக்காகச் சொல்லவில்லை. அவள் உடம்புக்காகத்தான் சொல்கிறேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கடிகாரம் வரையச் சொன்னான், வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னான், அவனைவிட வேகமாகக் கழித்தாள். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டான். பாவம் தடுமாறுவாளே என்று நான் முந்திக்கொண்டு பதினான்கு என்றேன். "பதினாலு இல்லக்கா, பதினாறு" என்றாள். டாக்டர் சிரித்தான். அவன்கூட.

"இந்த வயசுக்கு இதெல்லாம் சகஜம்மா. துக்கத்துல இருக்காங்க, அதான். மூளைக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. சீட்டு, குறுக்கெழுத்து, எதுவானாலும் சரி" என்றான்.

சகஜமாம். வீட்டில் கேஸ் வெடித்தால் அவனா வந்து நிற்பான்?

ஆனாலும் டாக்டர் பேச்சை நான் தட்டவில்லை. பிரசன்னாவுடைய பழைய டேப் ஒன்று சும்மா கிடந்தது. அதில் சாலிட்டேர் போட்டுத் தரச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நல்லவேளை, சட்டென்று பிடித்துக்கொண்டாள். சீட்டோடு பேசுவாள்! "வாங்க ராணியம்மா, இப்படி உக்காருங்க. ஜாக்கித் தம்பி, உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று. ஜெயித்துவிட்டால் மாடிப்படியில் இறங்கி வந்து எல்லாருக்கும் காட்டுவாள். எங்கள் வீட்டுக்காரரும் தன் பங்குக்கு "பலே தமயந்தி!" என்பார். நான் ஆடினால் ஒருநாளும் பலே சொன்னதில்லை. எனக்கு வராததற்குக் காரணம் வேறு. எனக்கு விழுகிற சீட்டு அப்படி.

இது என்ன ஊர், லாலாப்பேட்டையா? அப்போ இன்னும் நேரம் இருக்கிறது. டிக்கெட்டை எங்கே வைத்தேன்... கைக்குட்டையில்தானே முடிந்தேன்? ஓ, மடியில் இருக்கிறது என்று காட்டுகிறாயா? இருக்கட்டும். நீ எங்கே இறங்க வேண்டும்? திருச்சியா? முன்பே சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்குமே.

எங்கே விட்டேன்? ஆமாம். தினமும் ஜெயிக்கிறாள், தினமும் ஜெயிக்கிறாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பால் பொங்குவதை மறக்கிற ஒருத்தி எப்படித் தினமும் ஜெயிக்க முடியும்? பிரசன்னாவைக் கேட்டேன். அவன் டேப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல 'ஜெயிக்கக்கூடிய ஆட்டம் மட்டும்'னு ஒரு செட்டிங் இருக்கும்மா. அது போட்டிருக்கு. அதோட ஒவ்வொரு சீட்டாத் திருப்பற ஆட்டம்" என்றான்.

அப்படிச் சொல்லு! குழந்தைகளுக்கு வைக்கிற ஆட்டத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டம். "அதை அணைச்சிடு. மூணு சீட்டா மாத்து. அன்டூவையும் அந்த பல்பையும் எடுத்துடு" என்றேன்.

அவன் தயங்கினான். "அதை அணைச்சா சில ஆட்டம் வரவே வராதும்மா."

"வராதுன்னா? சாமர்த்தியம் இல்லாதவங்களுக்கு வராது. நீ மாத்து."

மாற்றினான். என் பேச்சை மீற மாட்டான் அவன். தமயந்தியிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வைத்தால் அது பரீட்சையா?

என்ன தாரிணி, அப்படிப் பார்க்கிறாய்? தரணியா தாரிணியா? தாரிணிதானே, சரி. ஜெயிக்கிற ஆட்டம் மட்டும் கொடுக்கிற அந்தப் பொத்தான் பின்னே எதற்கு இருக்கிறது என்கிறாயா? அதான் சொன்னேனே, அது குழந்தைகளுக்கு. உன் போனில் வேண்டுமானால் வேறு மாதிரி இருக்கலாம். எங்களுடையது நல்ல டேப்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் கூடத்தில் உட்காரவைப்பேன். எதிரே நான். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். சோபாவில் பிரசன்னா. "ஆடு, பார்க்கலாம்" என்பேன். முதல் வாரம் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். ராணியம்மாவைக் கூப்பிட்டாள், ஜாக்கித் தம்பியைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடைச்சுக்கிச்சுக்கா" என்றாள்.

"அடைச்சுக்கிட்டது ஆட்டம் இல்லைடி, உன் மூளை" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் என் தமாஷுக்கு யாரும் சிரிப்பதில்லை.

அடுத்த வாரமும் தோற்றாள். அதற்கடுத்த வாரம் நடுவில் எப்போதோ ஒன்று ஜெயித்தாள். ஒன்று ஜெயித்தால் என்ன, அதிர்ஷ்டம் யாருக்கும் அடிக்கும். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் அது அவளுக்கே நல்லதில்லை. தோல்வியை மட்டும்தான் பார்க்க வேண்டும். தோல்வியில்தான் வியாதி தெரியும். அது எனக்கே தோன்றியது, எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை.

போகப் போக அவளுக்கு ஆட்டத்தில் தயக்கம் வந்துவிட்டது. ஒரு சீட்டை எடுப்பாள், பாதி வழியில் நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். நான் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். அன்டூ பொத்தான் இருந்த இடத்தை விரலால் தடவுவாள், அங்கே ஒன்றும் இருக்காது. சனிக்கிழமையே சாப்பிட மாட்டாள். மாடியில் தண்ணீர் விழுகிற சத்தம் ஓயாமல் கேட்கிறதே என்று ஒருநாள் ஏறிப் போய்ப் பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாலிட்டேர் ஆடிக்கொண்டிருக்கிறாள்! திருட்டுத்தனமாகப் பழகுகிறாள். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டேப்பைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

"ஏன் அக்கா இப்படிப் பண்றே?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தாண்டி பண்றேன். உன்னை யார் பார்த்துக்குவாங்க? நாளைக்குப் பிரசன்னா பொண்டாட்டி வருவா. அவளா வந்து உன் அடுப்பை அணைப்பா?"

"என் அடுப்பை நானே அணைச்சுக்கறேன். ஒருதரம் மறந்தேன். அன்னைக்கு அவர் போய் வருஷம் திரும்பின நாள்."

பார், எதற்கெடுத்தாலும் ஒரு காரணம். சரி, நேருக்கு நேர் பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாடிக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று ஊர் பேசும். பேசட்டும். பிரசன்னாவும் அவன் பெண்டாட்டியும் எங்கேதான் இருப்பார்கள், கீழே இருப்பது ஒரே படுக்கையறை. ஆனால் அது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"தமயந்தி, ஒரே ஒரு ஆட்டம். எல்லார் முன்னாலயும் ஆடு. ஜெயிச்சுட்டா உன் புத்தி தெளிவா இருக்குன்னு நானே ஒத்துக்கறேன். மாடியில இருந்துக்கோ, நான் வாயைத் திறக்க மாட்டேன். தோத்துட்டா நல்ல இல்லமாப் பார்த்து வெச்சிருக்கேன், அங்கே போ. ஆள் இருக்கு, நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர் வந்து பார்ப்பாங்க" என்றேன்.

யோசித்தாள். நன்றாக யோசித்தாள். "எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியும், இல்லையாக்கா? நிச்சயமாத் தெரியுமா?" என்று திரும்பவும் அதையே கேட்டாள்.

"நிச்சயமா. ஆடத் தெரிஞ்சா."

"அப்ப சரி. ஆடறேன்" என்றாள். அவள் வாயால் சொன்னாள். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

ஆவணி மாதம். அன்றைக்குத் தலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். முந்தைய வாரங்களைப் போலப் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரமே படவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் நின்று, பார்த்து, வைத்தாள். கட்டை ஒரு சுற்று முழுக்கத் திருப்பிப் பார்த்தாள், எதையும் எடுக்காமல். இன்னொரு சுற்றில் எடுத்தாள். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசை வரிசையாகத் திறந்துகொண்டே வந்தது. நிஜமாகச் சொல்கிறேன், எனக்கே பக்கென்று இருந்தது. ஒரே ஒரு வரிசையில் மட்டும் மூடிய சீட்டு மூன்று பாக்கி. அதற்கு மேல் ஆர்ட்டின் எட்டு உட்கார்ந்திருந்தது. மற்ற எல்லாம் திறந்தாயிற்று.

அங்கே நிறுத்தினாள். டேப்பைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதுக்கு வழி இல்லை."

"இல்லையா? ஆடத் தெரியலைன்னு சொல்லு."

"இல்லக்கா, கேளு. இன்னும் முகம் காட்டாதது மூணே பேர். கிளாவர் ஒன்பது, இஸ்பேட் ஒன்பது, ஆர்ட்டின் ஏஸ். மத்த எல்லாரையும் பார்த்துட்டேன். அப்போ இந்த எட்டுக்கு அடியில இருக்கறது அவங்க மூணு பேரும்தான். இந்தச் சிவப்பு எட்டைக் கிளப்பணும்னா கறுப்பு ஒன்பது வேணும். ரெண்டு கறுப்பு ஒன்பதும் இவளுக்கு அடியிலேயே இருக்கு. மேலே ஏத்தலாம்னா ஆர்ட்டின் ஏஸ்லேருந்து ஆரம்பிக்கணும். அதுவும் இவளுக்கு அடியில. இந்த ஆட்டம் யாருக்கும் வராதுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிக் கிடக்கிற சீட்டுக்கெல்லாம் பெயர் சொல்கிறாள்! பார்க்காததைப் பார்த்தது மாதிரி, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து காதில் சொல்வது மாதிரி. முற்றிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கூடப்பிறந்தவள் இல்லையா?

எங்கள் வீட்டுக்காரர், "அகிலா, அவ சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. டேய், அந்த ஆட்டத்தை முடிச்சுத் திறந்து காட்டுடா. அப்பவாவது இவளுக்குப் புத்தி வருதான்னு பார்ப்போம்" என்றேன். ஆட்டத்தைக் கைவிட்டால் மூடிய சீட்டை எல்லாம் அது திறந்து காட்டும்.

பிரசன்னா அழுத்தினான். திறந்தது. கிளாவர் ஒன்பது. இஸ்பேட் ஒன்பது. ஆர்ட்டின் ஏஸ்.

பிரசன்னா முகம் வெளுத்துப்போய், டேப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். கல்யாணக் கவலை, பாவம். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த ஆட்டத்தை இவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள்! குளியலறையில் உட்கார்ந்து ஆடினாளே, அப்போது பார்த்திருக்கிறாள். இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? ஒன்று புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை கள்ளத்தனமாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் நல்லதுக்கு இல்லையே. நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

"நீதானேக்கா சொன்னே, எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கலாம்னு?" என்றாள்.

"ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். நீ ஜெயிக்கலை."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. எழுந்து மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது ஒன்றுதான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாள்.

நீ ஏன் ஆட்டத்தை நிறுத்திவிட்டாய்? ஆடு, ஆடு. நான் பேசினால் இடைஞ்சலாக இருக்கிறதா? அந்த டைமண்ட் மூன்று மேலே போகும் பார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தமயந்தியை அழைத்துவரவில்லை, கூட்டத்தில் அவள் தடுமாறிவிட்டால் அவளுக்குத்தானே அவமானம்? மருமகள் நல்ல பெண். மாடிக்குப் புது வெள்ளை அடித்து, ஜன்னல் எல்லாம் மாற்றிவிட்டார்கள். பிரசன்னாதான் முன்னைப் போல என்னோடு உட்கார்ந்து பேசுவதில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவன், அப்படித்தான் இருப்பான்.

நான் அவளை அப்படியே விட்டுவிடவில்லை. எத்தனை பேர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறார்கள்! நான் மாதா மாதம் போகிறேன். டேப்பை எடுத்துக்கொண்டு போவேன். தோட்டத்தில் ஒரு சிமென்ட் மேஜை இருக்கிறது, அங்கே உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடச் சொல்வேன். "ஜெயிச்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பேன். அப்படிச் சொன்னால்தானே ஆர்வமாக ஆடுவாள்? அவள் ஆடுவாள். தோற்பாள். நான் எடுத்துக்கொண்டு போன முறுக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இப்போதெல்லாம் சீட்டோடு பேசுவதில்லை. ஆட்டத்தைப் பற்றிக் கேள்வியும் கேட்பதில்லை. அது ஒரு நல்ல முன்னேற்றம்.

போன மாதம் என்ன ஆயிற்று தெரியுமா? ஜெயித்துவிட்டாள்.

மூன்று சீட்டு, அன்டூ கிடையாது, பல்பு கிடையாது. எல்லாச் சீட்டும் மேலே ஏறி, திரை முழுக்கக் குதி குதியென்று குதித்தது. அங்கே இருக்கிற மற்ற பெண்களெல்லாம் சுற்றி நின்று கைதட்டினார்கள். வார்டன் அம்மாகூட வந்து பார்த்தாள். தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அக்கா, வந்துருச்சு. பார்த்தே இல்லை? வந்துருச்சு. எப்ப வீட்டுக்குப் போலாம்?"

அத்தனை பேர் நிற்கும்போது என்ன சொல்ல முடியும்? "அடுத்த தடவை வரும்போது பேசிக்கலாம்" என்றேன்.

அதை வைத்துக்கொண்டு இவளாக ஒரு முடிவு கட்டிவிட்டாள். வார்டன் அம்மா நேற்றைக்குப் போன் செய்தாள். "உங்க தங்கச்சி பெட்டியைக் கட்டி வெச்சுட்டாங்கம்மா. கட்டில் விரிப்பைக்கூட மடிச்சுக் கொடுத்துட்டாங்க. காலையில எந்திரிச்சதும் கேட் பக்கத்துல போய் நின்னுக்கறாங்க. ஒவ்வொரு பஸ்ஸா பார்க்கறாங்க. வந்து கூட்டிட்டுப் போங்க, இல்லை வந்து என்னன்னாவது சொல்லுங்க" என்று.

நான் வாக்குத் தவறுகிறேன் என்று நினைக்காதே. நன்றாக யோசித்துத்தான் பார்த்தேன். வீட்டில் இருந்தபோது அந்தக் கடைசி ஆட்டத்தில் தோற்றாளா இல்லையா? தோற்றாள். அங்கே போய் இருந்த பிறகு ஜெயித்தாளா இல்லையா? ஜெயித்தாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அந்த இடம் அவளுக்கு ஒத்துப்போயிருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு, அமைதி, தோட்டம், புத்தி தெளிந்துவிட்டது. இப்போது கூட்டிக்கொண்டு வந்தால் மறுபடியும் பழையபடி ஆகிவிடாதா? தேறின இடத்திலேயே இருப்பதுதானே அவளுக்கு நல்லது? எங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். அந்த மனுஷருக்கு எப்போதுமே ஒரு விஷயத்தை முழுக்கக் கேட்கிற பொறுமை கிடையாது.

அதனால் காலம் முழுக்க அங்கேயே இருக்கிற மாதிரி பேசி முடித்துவிடலாம் என்றுதான் இன்றைக்குப் போகிறேன். அவளிடமும் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நீ ஜெயிச்சதாலதாண்டி இங்கேயே இருக்கணும்னு சொல்றேன் என்று விளக்கமாகச் சொன்னால் புரிந்துகொள்வாள். புத்தி தெளிவாகத்தானே இருக்கிறது இப்போது?

கண்டக்டர்! அந்த ஆலமரத்துக்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க, இல்லம் ஸ்டாப்!

நீ நன்றாக ஆடு அம்மா, தரணி. விட்டுவிடாதே. எல்லா ஆட்டமும் ஜெயிக்கலாம், நான் சொல்கிறேன். கொஞ்சம் நகர்ந்து வழி விடு. அதோ பார், பச்சை கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் இல்லையா, நீலப் புடவை? அவள்தான். பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டுகிறாள் பார். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வேறு வைத்துக்கொண்டாள்.

அம்மா, மேலே கம்பியில் இருக்கிற அந்தப் பெரிய பையைக் கொஞ்சம் இறக்கிக் கொடேன். பார்த்து, கனம். மாடியில் மிச்சம் கிடந்த அவளுடைய துணிமணி எல்லாம் அதில்தான் இருக்கிறது.